இல்லாத சம்சாரத்துக்கு மாத்திரை

ஒரு காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. பெங்களூர் நீலசந்திராவில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். சோபா உறை தைக்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. பயந்துபோய் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஓடினேன். கிளினிக் பூட்டியிருந்தது. மகளைப் பார்க்க வெளியூர் போயிருக்கிறார், வர ஒரு மாதமாகும் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சொன்னார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் தொந்தரவில் பாதியை டாக்டரே சொல்லிவிடுவார். அதனால்தான் இத்தனை வருடமும் வேறு யாரிடமும் போனதில்லை.

தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன். எங்கள் தெருவில் எதற்கும் முதலில் அங்கேதான் போவார்கள். நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். கடைக்காரர் கன்னடக்காரர், எங்களிடம் தமிழில் பேசுவார்.

"என்ன அண்ணா, என்ன ஆச்சு?" என்று சத்தமாகக் கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள்.

"என் சம்சாரத்துக்கு... ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருது" என்றேன்.

"எரியுதாமா? லேடீஸுக்கு வர்றதுதான். தண்ணி நெறைய குடிக்கச் சொல்லுங்க" என்று மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது, "அக்கா எப்படி இருக்காங்க?" என்றார். பரவாயில்லை என்றேன். அடுத்த நாளும் கேட்டார். என் வீட்டைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் விசாரித்ததில்லை. அன்று தைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் தண்ணீர் குடித்திருப்பாளா என்று ஒரு நினைப்பு வந்து போனது.

நாலாம் நாள் இடுப்பிலிருந்து வலி இறங்கியது. மிஷினில் உட்கார முடியவில்லை. மறுபடி கடைக்குப் போனேன்.

"இன்னும் ரத்தம் வருதா? இனிமே என்கிட்ட வராதீங்க. பின்தெருவுல லேடி டாக்டர் இருக்காங்க, அக்காவ கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா பெரியாஸ்பத்திரி."

யாரைக் கூட்டிப் போவது? பஸ் ஏறி நானே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதிய பெண், என்னுடன் யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் கேட்டாள். சொன்னேன்.

"இது உங்க நம்பர்தானே சார்? உங்களுக்கே போன் பண்ணவா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

உள்ளே இளவயது டாக்டர். மாத்திரை அட்டையைப் பார்த்தார். யாருக்கென்று சொல்லி வாங்கினேன் என்பதைச் சொன்னேன்.

"உங்களுக்குன்னு சொல்லியிருந்தா கடைக்காரரே அன்னிக்கே இங்க அனுப்பியிருப்பார். நாலு நாள் வீணாப்போச்சு" என்றார். ஸ்கேனில் கல் தெரிந்தது. சின்னதுதான், மருந்திலேயே வெளியேறிவிடும் என்றார்.

ஒரு மாத்திரை மட்டும் வெளியே வாங்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக மருந்துக்கடைகள். என்னை யாருக்கும் தெரியாது. இருந்தும் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்தேன்.

கடைக்காரர் சீட்டைப் படித்தார். "இதுல உங்க பேர் இருக்கே?"

"எனக்குத்தான், கல்லாம். முன்னே வாங்கினதும் எனக்குத்தான். வீட்ல யாரும் இல்ல."

அவர் அட்டையை வெட்டி, எப்போது சாப்பிட வேண்டும் என்று உறைமேல் தமிழ் எழுத்தில் கோணலாக எழுதிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். கடையில் கூட்டம். தலையைக் குனிந்து நடந்தேன்.

"அண்ணா, கல்லு வந்துச்சா?" என்று உள்ளிருந்து கத்தினார்.

பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நின்றேன்.

"வந்துடுச்சு" என்றேன்.