முத்திரை விழாத கடவுச்சீட்டு

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஆனி மாதம். பிராங்பேர்ட்டில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்கும் கணவருக்கும் ஜெர்மன் குடியுரிமை கிடைத்து, புதுக் கடவுச்சீட்டு கைக்கு வந்து மூன்று வாரம்தான். அதை ஏதாவதொரு நாட்டின் வாசலில் நீட்டாவிட்டால் எனக்கு மனம் ஆறாது போலிருந்தது. கீல் துறைமுகத்தில் கப்பலேறி, ஒரு பகல் மட்டும் நின்று திரும்புவதாக சுவீடனின் கோதன்பர்க் நகரத்துக்குப் புறப்பட்டோம்.

வெறும் உல்லாசப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். மன்னாரிலிருந்து வெளிக்கிட்ட நான் ஜெர்மனிக்குள் வந்தது ஒரு லொறியில், பெட்டிகளுக்கு நடுவில் ஒளிந்து. பிறகு பல வருடம் என் கையிலிருந்த அகதிக் கடதாசியில், மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருந்தது. சீருடையைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவேன். இந்த முறையாவது முன்வாசலால் ஒரு நாட்டுக்குள் நுழையவேண்டும், அதை யாராவது பார்க்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

காலையில் கப்பல் துறைமுகத்தை அடைந்ததும் கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி முண்டியடித்து இறங்கினேன். நீண்ட நடைபாதை, கண்ணாடிக் கதவு, அதற்கப்பால் ட்ராம் ஓடும் தெரு. ஒருவரும் எதையும் கேட்கவில்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் பூட்டிய கல்யாண மண்டபத்தைக் கண்டவள் போல நின்றேன்.

கதவருகே உயரமான பொலிஸ்காரர் ஒருவர் நின்றார். நான் அவரை நோக்கி நடக்க, கணவர் பதறிவிட்டார்.

“இஞ்சேரும், சும்மா நிக்கிற பொலிசிட்டை ஏன் வலியப் போறீர்? பேசாமல் வாரும்.”

ஆனாலும் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இதை ஒருமுறை பாருங்கள் என்று நீட்டினேன். ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். இல்லை, புதுசு, இன்னும் யாரும் பார்க்கவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, எத்தனை நாள் நிற்பீர்கள் என்று முறைப்படி விசாரித்தார். பின்னேரம் வரை என்றேன். அத்தோடு விட்டேனா? ஒரு முத்திரையும் குத்தித் தரச் சொன்னேன்.

அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. இது வைத்திருப்பவர்களுக்கு இங்கே முத்திரை தேவையில்லை, நினைத்த நேரம் வரலாம், போகலாம் என்று இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

திரும்பி வந்தால், தூணுக்குப் பின்னால் நின்ற கணவர் சட்டைப்பைக்குள் கையை விட்டபடி மெதுவாகக் கேட்டார்.

“என்ரையையும் ஒருக்காக் காட்டிப்போட்டு வரட்டே?”

காட்டிவிட்டுத்தான் வந்தார். பிறகு நாள் முழுக்க நகரத்தைச் சுற்றினோம். கடற்காற்றும், கறுவாப்பட்டை மணக்கும், தட்டளவு பெரிய பணிஸ் ரொட்டியும் இன்னும் நினைவில் இருக்கின்றன. தேவாலயம் போலிருந்த கட்டடம் ஒன்றின் வாசலில் கணவர் பக்தியாகச் சிலுவை அடையாளம் போட்டார். உள்ளே போனால் அது மீன் சந்தை.

அந்தக் கடவுச்சீட்டு காலாவதியாகி வெகுகாலம். அதில் கடைசிவரை ஒரு முத்திரையும் விழவில்லை. ஆனால் முகத்தை மறைத்து ஒரு நாட்டுக்குள் வந்த நான், யாரும் கேட்காமலே போய் அதே முகத்தைக் காட்டிய அந்தக் காலையை நினைத்தால், இன்றைக்கும் என் தலை தானாக நிமிர்கிறது.