முழுங்கின பாட்டு

மந்தாரக்குப்பத்தில் செங்குட்டுவனைத் தெரியாதவர்கள் குறைவு. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, வயது நாற்பத்தாறு. ஊரில் எந்தப் பெரிய மனுஷன் லஞ்சத்துக்குக் கை நீட்டினாலும் அது பாட்டாகி, டேப்பு என்கிற ஒற்றைமுக மேளத்தோடு பஸ் ஸ்டாண்டில் ஒலிக்கும். அப்பா வேணுவும் அப்படித்தான். அதே சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலையில் இருந்துகொண்டே, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை நிறுத்திப் பாடியவர். மேளமும் பாதிப் பாட்டுகளும் அவர் கொடுத்தவை.

போன வருஷம் அவர்கள் தெருவில் சிறுபாலம் கட்டியாயிற்று என்று கல்வெட்டு வைத்தார்கள். பாலம்தான் இல்லை. சாக்கடையைப் பலகை போட்டுத் தாண்டினார்கள்.

"கல்வெட்டுல பேரு இருக்கு, கட்டுன பாலம் எங்கே?
காத்துமேல நடந்து காட்டு கவுன்சிலரே இங்கே"

என்று பாடினான் செங்குட்டுவன். செல்போனில் அது ஊரெல்லாம் சுற்றியது. கவுன்சிலர் ஆள் அனுப்பினார். "அந்தப் பாட்ட மட்டும் வுட்டுடுங்க. உங்க பொண்ணுக்கு ஒரு நல்ல வேலை போட்டுத் தரேன்றாரு."

மகள் செந்தாமரை படிப்பு முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். யோசித்துச் சொல்வதாக ஆளை அனுப்பிவிட்டு, செங்குட்டுவன் அப்பாவிடம் போய் உட்கார்ந்தான்.

"நீயா இருந்தா என்னாப்பா பண்ணியிருப்ப?"

வேணு மேளத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நானும் ஒரு தடவ வாங்கிக்கினேன்டா. உன் சித்தப்பனுக்கு ரேஷன் கடையில வேலை குடுத்தாங்க. அதுக்கு ஒரு பாட்ட முழுங்கினேன். ரேஷன் மண்ணெண்ணெயெல்லாம் லாரியில கள்ளத்தனமா வெளிய போன கதை."

தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான் செங்குட்டுவன். வரவில்லை. இத்தனை வருஷம் அப்பாவோடு ஒப்பிட்டுத் தன்னைச் சின்னவனாக நினைத்திருந்தவனுக்கு மனசு லேசாகிவிட்டது.

உள்ளேயிருந்து செந்தாமரை வந்தாள். "எனக்கு அந்த வேலை வேணாம்ப்பா. கடலூர்ல இன்டர்வியூ இருக்குது. என்னச் சாக்கு வெச்சி வாய மூடிக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் செங்குட்டுவன் பாலத்துப் பாட்டைப் பாடி முடித்ததும் வேணு எழுந்தார். ஒரு பாட்டை அந்தக் காலத்தில் ஏன் பாடாமல் விட்டார் என்பதை முதலில் சொன்னார். பிறகு மண்ணெண்ணெய்ப் பாட்டைப் பாடினார். நடுவில் ஒரு வரி மறந்துபோக, மகன் சொந்தமாக ஒன்றைப் போட்டு நிரப்பினான். கூட்டம் கைதட்டியது.

டீக்கடை வீராயி மட்டும் தட்டவில்லை. "அப்பவே பாடியிருந்தா நான் மண்ணெண்ணெ கெடைக்காம வெறவு பொறுக்கிக்கினு கெடந்திருக்க மாட்டேன், வேணண்ணே."

"ஆமாம்மா," என்றார் அவர். வீராயி அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பாலம் வந்துவிட்டது. திறப்பு விழா நடக்கவில்லை. செந்தாமரை கடலூருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறாள். செங்குட்டுவன் இப்போது தெருவிளக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறான். முதலடி அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, அவனுக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வாரமாக இரண்டு பேரும் அதற்காகச் சந்தோஷமாகச் சண்டை போடுகிறார்கள்.