உப்பில் காய்ந்த படம்

அம்மா வாளை மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு. கொஞ்ச நேரத்தில் மீனிலிருந்த தண்ணீரெல்லாம் பானைக்கடியில் இறங்கி நின்றது. எனக்குச் சட்டென்று தோன்றிவிட்டது. மீனிலிருந்து தண்ணீரை இழுக்கிற உப்பு, தாளிலிருந்து இழுக்காதா?

உள்ளே அத்தை வரைந்த படம் மை காயாமல் கிடந்தது.

அத்தை, அப்பாவின் தங்கை. புருஷன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஏன் வந்தாள் என்று பத்து வயதுப் பெண்ணான எனக்கு யாரும் சொல்லவில்லை. வந்தவள் பத்திரிகைகளுக்குப் படம் போட ஆரம்பித்தாள். மெட்ராஸிலிருந்து தபாலில் கதை வரும். இங்கிருந்து தபாலில் படம் போகும். மரக்காணத்தில் இப்படி ஒரு பிழைப்பை யார் கண்டார்கள்? உப்பளத்துக்குப் போகிற பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னும் பொம்மதான் போட்டுக்கினு இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அத்தை சிரித்து வைப்பாள்.

சுவரில் முதுகு படும்படிதான் எப்போதும் உட்காருவாள். பின்னால் யாராவது நடந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். அது ஓவியர்களின் வழக்கம் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவள் படங்களில் வந்த அத்தனை பேரும் நான்தான். அம்மாவின் புடவையில் கதாநாயகி, அப்பாவின் துண்டைத் தலையில் கட்டினால் திருடன், அவிழ்த்துவிட்டால் இன்ஸ்பெக்டர். நாளெல்லாம் அத்தை வாயைத் திறப்பது என்னிடம் மட்டும்தான். அதுவும் "தலையைச் சாய்", "ஆடாத" என்பதோடு சரி. கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அதுவே பெரிய பேச்சாக இருந்தது.

அந்த ஐப்பசியில் ஒரு வாரப்பத்திரிகை அவளிடம் தொடர்கதைக்குப் படம் கேட்டது. முதல் படம் அவர்களுக்குப் பிடித்துவிட்டால் கதை முடிகிறவரை வாராவாரம் வேலை. அதே சமயம் தீபாவளி முடிந்ததும் அவளை அழைத்துப்போகப் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா அவளிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "வாராவாரம் வேலை வருதுன்னா நான் அவங்ககிட்ட தைரியமா சொல்லிடுவேம்மா, இங்கயே இருக்கட்டும்னு. ஒண்ணுமில்லாம எதை வச்சிப் பேசறது?"

அத்தை ராவும் பகலுமாகப் போட்ட படம் அது. கதவைப் பிடித்தபடி வாசலைப் பார்த்து நிற்கும் ஒரு பெண். ஈரம் பட்டாலும் கலையாத புட்டி மை வாங்கப் புதுச்சேரிக்குப் போகவேண்டும் என்பதால், கடையில் கிடைத்த மைத்தூளைக் கரைத்துத்தான் போட்டிருந்தாள். வெளியே அடைமழை. மதியம் பஸ்ஸில் தபால் பை ஏறிவிடும். "விசிறிக்கிட்டே இருடி, கை மட்டும் வைக்காத" என்று சொல்லிவிட்டு அத்தை குடையோடு தபால் தலை வாங்கப் போனாள்.

எவ்வளவு நேரம்தான் விசிறுவது? முறத்தில் உப்பைப் பரப்பி, மெல்லிய துணி போட்டு, படத்தை வைத்து, மேலே இன்னொரு துணி, அதன்மேல் இன்னும் உப்பு. அரை மணி நேரம். எடுத்தால், படம் அப்பளம் மாதிரி இருந்தது. ஊதித் தட்டி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

"அட, காஞ்சிடுச்சே. கை வலிக்க விசிறினியா?" என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. நல்ல யோசனை, கொஞ்ச நாள் எனக்கே எனக்கென்று இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

மழைக்காலத்தில் உப்பு கசியும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்தான். ஆனால் தாளில் ஒட்டிக்கொண்ட தூசியும் உப்புதான் என்று தோன்றவில்லை.

பத்து நாளில் உறை திரும்பி வந்தது. அந்தப் பெண்ணின் முகம் கழுத்துவரை வழிந்திருந்தது. கூடவே ஒரு கடிதம். அத்தை இனிஷியலை மட்டும் மொட்டையாகக் கையெழுத்துப் போடுவதால் 'ஐயா' என்று தொடங்கியிருந்தார்கள். இப்படி அனுப்பினால் வாராவாரம் எப்படி நம்புவது, வேறொருவரிடம் கொடுத்துவிட்டோம் என்று இரண்டே வரி.

அத்தை படத்தின்மேல் விரலை ஓட்டினாள். எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் நாக்கில் வைத்துப் பார்ப்பவர்கள். அவளும் விரலை நாக்கில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

அப்பா வந்து "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"மை சரியில்லண்ணே" என்றாள்.

தீபாவளி முடிந்து பெரியவர்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அத்தை டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். மைத்தூள் பொட்டலம், பேனா, மீதித் தாள் எல்லாவற்றையும் அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அப்படியானால் சீக்கிரம் வந்துவிடுவாள் என்று நான் கணக்குப் போட்டேன்.

பஸ் மறைந்ததும் வீட்டுக்கு ஓடினேன். ஆறிப்போன அடுப்பிலிருந்து சாம்பலை வாரி, துணியில் சலித்து, ஒரு பால்மாவு டப்பாவில் போட்டு இறுக்கி மூடினேன். சாம்பல் கசியாது. அடுத்த படத்துக்கு அதைத்தான் வைத்துப் பார்ப்பதாக இருந்தேன்.