சீர்த்தட்டுச் சாக்லேட்

பெருந்துறை பஸ்ஸில் வெயில் பக்கம்தான் இடம் கிடைத்தது.

மடியில், அக்கா மகள் சீருக்காக மனைவி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்த, ரிப்பன் கட்டிய பெரிய சாக்லேட் பார். உருகுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஜன்னலை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.

பக்கத்து சீட் அம்மா பொறுக்க முடியாமல் கேட்டார்: “ஏனுங்க, அதுல என்னதான் இருக்குதுங்க?”

“சீர்த்தட்டுக்குச் சாக்லேட்டுங்க.”

“நாங்கெல்லாம் கற்கண்டு வெச்சோமுங்க. இப்ப இது இல்லாத தட்டைப் போட்டோகூட எடுக்கறதில்லீங்க.”

இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போய் அக்காவிடம் கொடுத்தேன். தங்கநிற ரிப்பனைப் பார்த்ததும் என்னை ஓரமாக இழுத்தாள்.

“ஏன் கண்ணு, இது நான் கட்டுன முடிச்சாச்சே! அவிநாசி நிச்சயத்துக்கு நான் வெச்சது உங்க ஊட்டுக்கு எப்படி வந்துச்சு?”

அவிநாசியில் இருப்பது என் மச்சினன் வீடு. போன வாரம்தான் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துபோனார்கள்.

“சரி உடு, யாருகிட்டயும் சொல்லிப்போடாத. யாரும் பிரிச்சுப்போடாமப் பாத்துக்க. அடுத்த மாசம் மதுக்கரையில ஒரு வளைகாப்பு இருக்குது.”

கோயமுத்தூர்ப் பக்கம் எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் இருக்கிற சாக்லேட்தான். யாராவது பிரித்துத் தின்றிருந்தால் சொல்லுங்களேன், ருசி எப்படி?