மவுஸ் ஓடாத திரை

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் அந்த அம்மாளுக்கு டிஸ்க்கம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. பதினாறு வருடமாகப் பரிசோதனை முடிவுகளைக் கம்ப்யூட்டரில் அடித்து, கருப்பு டிஸ்க்குகளில் ஏற்றி, டப்பா டப்பாவாக அடுக்கியவர். கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். விரல் பாட்டுக்கு ஓடும், வாய் பாட்டுக்கு ஊர்வம்பு பேசும்.

நாற்பத்தெட்டு வயதில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. ஏழு மாதம் கழித்துத் திரும்பியபோது புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. வண்ணத் திரை, கூடவே மவுஸ். இடது கையால் அதை நகர்த்தப் பழகியதும் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

ஆனால் பழைய டிஸ்க் டிரைவைப் புதுத் திரை கண்டுகொள்ளவே இல்லை. டிஸ்க்குகளில் இருப்பதையெல்லாம் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றியாக வேண்டும். மெக்கானிக் ஒரே பெட்டியில் பழைய கருப்புத் திரை, புது வண்ணத் திரை இரண்டுமே வரும்படி வைத்துக் கொடுத்தார். போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். கருப்புத் திரையில் டிஸ்க் ஓடும், மவுஸ் ஓடாது.

“அந்தப் பக்கமும் மவுஸ் ஓட வெச்சுக் குடுங்களேன்.”

“வெச்சுப் பாத்துட்டேம்மா. மவுஸை ஏத்தினா டிஸ்க் படிக்க மெமரி பத்தலை. ரெண்டுல ஒண்ணுதான்.”

“அப்ப டிஸ்க்கே இருக்கட்டும். இன்னும் அஞ்சு விரல் மிச்சமிருக்கே” என்று சிரித்தார். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் கருப்புத் திரையில் ஒற்றைக் கையால் நகலெடுப்பார். அங்கிருந்து வெளியே வர மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். உணர்வற்ற வலது கையைத் தூக்கி இரண்டு பொத்தான்கள் மேல் பாரமாக வைத்துவிட்டு, மூன்றாவதை இடது விரலால் தட்டுவார். மதியம் வண்ணத் திரையில் சரிபார்ப்பு.

பழைய திரையில் முடிவுக்கு எண் மட்டும்தான். பெயர்கள் வேறு டிஸ்க்கில். புதுத் திரைதான் இரண்டையும் சேர்த்துக் காட்டியது. முப்பத்தோராவது டப்பாவைச் சரிபார்த்த அன்று, கூடப் பிறந்த அக்காவின் பெயர் வந்தது. பத்து வருடம் முன்பு புற்றுநோயில் போனவள். இறப்பதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதி. பக்கத்தில், ‘சந்தேகம் உள்ளது. உடனே திரும்ப வரச் சொல்லவும்.’

அடித்தது அவரேதான். ஒரு நாளைக்கு எண்பது எண்ணில் ஒன்று. திரும்ப வரச் சொல்லும் சீட்டு எந்த மேஜையில் தேங்கியதோ, வீட்டுக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அத்தான் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“ரிசல்ட் வந்துச்சா, வந்துச்சான்னு என்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. நான்தான், உன் தங்கச்சி அங்கயேதானே இருக்கா, ஏதாவது இருந்தா சொல்லாமலா இருப்பான்னேன்.”

“அத்தான், எனக்குத் தெரியாது. வெறும் நம்பர்தான்...”

“தெரியும்மா. நீ கெளம்பு.”

டிஸ்க்கம்மா மறுநாளும் வேலைக்குப் போனார். அதன் பிறகு ஒவ்வொரு வரியையும் படித்தார். அதே குறிப்போடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். போன் போட்டார். ஒரு வீட்டில் ஆள் மாறியிருந்தது. இன்னொன்றில் ஒரு பெண், “அம்மா போயி ஆறு வருஷமாச்சுங்க, என்ன விஷயம்?” என்றாள். ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்.

நான்கு மாதத்தில் எல்லா டிஸ்க்குகளும் முடிந்தன. மேலதிகாரி பாராட்டிக் கடிதம் கொடுத்தார். அதைப் பிரிக்காமல் மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். அத்தான் வீட்டிலிருந்து அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை, இவரும் போகவில்லை.