டக்கோ கடைக்கு மாமா வந்த நாள்

சூடான தட்டில் சோள ரொட்டி கருகும் மணத்தை நான் முதன்முதலில் அறிந்தது அம்மாவின் குளிர்ச்சட்டையிலிருந்துதான். காலை எட்டு மணிக்கு அவர் வேலை முடித்து வரும்போது, முதல் நாள் சமையலில் சுவரோடு ஒட்டிக்கொண்ட அந்த மணமும், தரை கழுவும் திரவத்தின் தேசிக்காய் நெடியும் கலந்து அவருடன் வீட்டுக்குள் நுழையும். எசன் நகரில், ட்ராம் நிறுத்தத்துக்கு எதிரே, பச்சையும் சிவப்புமாகப் பெயர்ப்பலகை மாட்டி, சோள ரொட்டிக்குள் கறி வைத்து மடித்த டக்கோ விற்கும் சிறிய மெக்சிக்கோ உணவுக்கடை அது. திறப்பதற்கு முன் அதைக் கூட்டிக் கழுவித் துடைப்பது அம்மாவின் வேலை. எங்களவர்கள் அதற்கு ஜெர்மன் சொல்லையே எடுத்துப் "புட்சன்" என்பார்கள். எங்கள் வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை உச்சரிக்கக் கூடாது.

தொலைபேசியின் மறுமுனையில் கனடாவிலிருந்து பெரிய மாமா இருப்பார் என்பதே காரணம். அம்மா யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியையாக இருந்தவர். தங்கையைப் படிப்பித்து ஆளாக்கியது தான்தான் என்பதில் மாமாவுக்கு அளவில்லாத பெருமை. ஜெர்மனிக்கு வந்த புதிதில் அம்மா ஒரு அலுவலகத்தைத் துப்பரவு செய்தார். அப்போது மாமா எங்கே வேலை என்று கேட்க, "ஒப்பீசிலை நிக்கிறன் அண்ணை" என்று சொல்லியிருக்கிறார். மாமா அதைத் தன் விருப்பப்படி விளங்கிக்கொண்டு, உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தங்கைக்கு ஜெர்மன்காரனின் அலுவலகத்தில் உத்தியோகம் என்று சொல்லிவிட்டார். அம்மா திருத்தவில்லை. பிறகு திருத்த ஏலாத அளவுக்கு வருடங்கள் போய்விட்டன.

பள்ளி விடுமுறைகளில் சில காலைகளில் நானும் அம்மாவோடு அந்தக் கடைக்குப் போவேன். கதிரைகள் எல்லாம் மேசைகளின் மேல் தலைகீழாகக் கிடக்கும். கடையின் சொந்தக்காரியும் சமையற்காரியுமான லூப்பே ஏழு மணிக்கு வந்து மாவைப் பிசையத் தொடங்குவார். அவரும் அம்மாவும், இருவருக்கும் சரியாக வராத ஜெர்மனில், முழங்கால் வலியையும் பிள்ளைகளையும் பற்றி ஓயாமல் கதைப்பார்கள். அவர் அம்மாவைச் "சரோ" என்று கூப்பிடுவார். அந்தக் குரலில் ஒரு நெருக்கம் இருக்கும்.

இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு கோடை, எனக்குப் பதினொரு வயது. மாமாவும் மாமியும் அவர்களுடைய ஆறு வயது மகன் நிருவும் எங்கள் வீட்டுக்குப் பத்து நாள் வந்து நின்றார்கள். அம்மா வேலைக்கு விடுமுறை எடுத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போயிருந்தார். நாங்கள் ஐவரும் நகரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நிரு ட்ராம் யன்னலால் அந்தப் பலகையைக் கண்டான்.

"அப்பா, டக்கோ! டக்கோ!"

"இறங்குங்கோ, இறங்குங்கோ. ஒரு கிழமையா என்ரை பிள்ளை ஒழுங்காச் சாப்பிடேல்லை" என்று மாமா எழுந்துவிட்டார்.

"அது இண்டைக்குப் பூட்டு அண்ணை" என்றார் அம்மா.

கடையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசல் மேசைகளில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே நுழைந்தோம். கதிரைகள் இறங்கி, மேசைகள் நிறைந்து, பாட்டும் பேச்சுமாக இருந்த அந்த இடம் எனக்கே அந்நியமாகத் தெரிந்தது. அடுப்பிலிருந்து நிமிர்ந்த லூப்பே அம்மாவைக் கண்டு முகம் மலர வாயைத் திறந்தார். அம்மா தலையை மிகச் சிறிதாக, இல்லை என்று அசைத்தார். லூப்பேயின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு வாடிக்கையாளருக்குச் சொல்லும் குரலில், "வணக்கம், நீங்கள் எத்தனை பேர்?" என்று ஜெர்மனில் கேட்டார். அதுவரை அம்மாவை அவர் "நீங்கள்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மாமா சந்தோசமாக இருந்தார். ரொட்டியின் மேல் தேசிக்காயைப் பிழிந்து, "எங்கடை ஆக்களின்ரை கைப்பக்குவம் மாதிரியெல்லே கிடக்கு" என்றார். மாமி சிவப்புச் சம்பல் கிண்ணத்துக்குக் கை நீட்ட, அம்மா யோசிக்காமல், "அது சரியான உறைப்பு மச்சாள், பச்சையை எடுங்கோ" என்றார்.

"முந்தி வந்து சாப்பிட்டனீங்களோ?" என்று மாமி நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லை, ஆரோ சொன்னவை."

நான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். லூப்பே எங்கள் மேசையைக் கடக்கும்போதெல்லாம், இந்த முறை அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார் என்று இன்னும் குனிந்துகொண்டேன். சீக்கிரம் சாப்பிட்டு முடியுங்கள், சீக்கிரம் முடியுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தேன்.

அந்த நேரத்தில் நிருவின் முழங்கை பட்டு, தண்ணீர் வைத்திருந்த கண்ணாடிக் கூசா விழுந்து சிதறியது. அவன் மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு இருந்தான். பயத்தில் கதிரையிலிருந்து குதிக்கப் போனான். அம்மா எழுந்தார். அவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரிந்ததால், நான் அவருடைய கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

அம்மா கையை உதறிக்கொண்டு, "அசையாதை!" என்று நிருவைத் தூக்கி மேசையில் இருத்தினார். யாரிடமும் கேட்காமல், சமையலறைக்குப் பக்கத்துச் சிறு கதவைத் திறந்து, தும்புத்தடியும் தட்டும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்து, நிலத்தில் முழங்காலிட்டு, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கூட்டினார். கண்ணுக்குத் தெரியாத துகள்களை ஈரக் கடதாசியால் ஒற்றி எடுத்தார். லூப்பே ஓடிவந்து அவருக்கு முன்னால் முழங்காலிட்டார். அவசரத்தில் எல்லாவற்றையும் மறந்து, "சரோ, விடு, இன்றைக்கு நீ விருந்தாளி" என்றார்.

மாமாவுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் பெயர் விளங்கியது.

"சரோ, உன்னை இவவுக்குத் தெரியுமோ?"

அம்மா கண்ணாடி நிறைந்த தட்டோடு எழுந்து நின்றார். "ஓம் அண்ணை. நான் இஞ்சைதான் வேலை செய்யிறன். காலமையிலை வந்து துப்பரவாக்கிறனான். ஒப்பீஸ் எண்டு சொன்னது சரியில்லை."

"எத்தினை வருசம்?"

"ஆறு."

மாமி நிருவின் பாதங்களை மாறி மாறித் தடவிப் பார்த்து, "நல்ல காலம், பிள்ளையின்ரை காலிலை ஒண்டும் குத்தேல்லை" என்று மட்டும் சொன்னார். திரும்பும் ட்ராமில் மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரக் கதவடியில் நின்றார். அடுத்த இரண்டு நாளும் அப்பாவோடுதான் கதைத்தார். புறப்படும் காலையில், பெட்டிகள் கீழே போன பிறகு, வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து, "முழங்காலிலை நிண்டு துடையாதை. நீட்டுத் தடி ஒண்டு வாங்கு" என்றார்.

கனடாவில் அவர் இன்னும் "ஒப்பீஸ்" என்றுதான் சொல்லித் திரிகிறார் என்று சில மாதங்களில் கேள்விப்பட்டோம். அம்மா கோபப்படவில்லை. அதன் பிறகு யார் தொலைபேசியில் கேட்டாலும், "ஒரு சாப்பாட்டுக்கடையிலை புட்சன்" என்று தானே சொல்லத் தொடங்கினார். "அண்ணை சொல்லுறது அவருக்கு, நான் சொல்லுறது எனக்கு" என்பார்.

இன்று அந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை இருக்கிறது. லூப்பே வேறு நகரத்துக்குப் போய்விட்டார். மாமாவும் இப்போது இல்லை. போன மாதம் அம்மாவோடு அந்த நிறுத்தத்தில் நின்றபோது, இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். சின்னப்பிள்ளையின் காலடியில் கண்ணாடி கிடக்க, அவர் எழும்பக் கூடாது என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன் என்றேன்.

அம்மா எதிர்ப்பக்கத்துக் கண்ணாடி யன்னலைப் பார்த்தார்.

"தெரியும். நீ பிடிக்கேக்கை, நானும் ஒருக்கால் எழும்பாமல் இருப்பமோ எண்டுதான் யோசிச்சனான்" என்றார்.