கப்பல் நோட்டில் பிறந்த அக்கா

பினாயில் வாசனை மூக்கில் ஏறினால் எனக்குச் சிரிப்பு வரும். மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி, சாக்கடை, சீக்கு. எனக்கு அது அக்கா. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் எங்களை அடைத்து வைத்த முகாமில் தரை, சுவர், போர்வை, ஏன், குடித்த கஞ்சிகூட அந்த வாசனைதான். அங்கேதான் அக்கா எனக்கு அக்காவாக நிலைத்தார்.

இந்த ஓராண்டு நினைவு நாளில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் கூடியிருக்கும் சொந்தங்களே, நண்பர்களே, பதறாமல் படியுங்கள். அக்காவும் நானும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் அல்ல. "நான் போனப்புறம் எழுதுடா தம்பி, எல்லாரும் படிச்சுட்டுச் சிரிக்கட்டும்" என்று அவரே உத்தரவு கொடுத்துவிட்டுப் போனார். அவர் மகள் பாக்கியம் தலையசைத்த பிறகே எழுதத் தொடங்கினேன்.

அக்கா பிறந்தது லால்குடிப் பக்கம் ஒரு சிற்றூர். இளம் வயதில் கணவரை இழந்தார். பதினாறாம் நாள் தாலியை வாங்கிக்கொண்ட புகுந்த வீடு, பதினேழாம் நாள் உலக்கையைக் கையில் கொடுத்தது. இரண்டு வயதுப் பாக்கியத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உரலைச் சுற்றிச் சுற்றி வந்தவர், ஒருநாள் அப்படியே சுற்றை நிறுத்தி நேராக நடந்தார். நடை நின்ற இடம் நாகப்பட்டினம் டிப்போ. மலாயாவுக்குச் சர்க்கார் செலவில் கப்பல் ஏற்றும் இடம்.

நானும் அங்கே நின்றேன். கும்பகோணத்துக்காரன், இருபது வயது, ஓரிடத்தில் கால் தரிக்காதவன். சட்டம் எங்கள் இருவரையுமே ஏற்றுக்கொள்ளவில்லை. குமாஸ்தா என்னிடம், "தனி ஆம்பளைங்களுக்கு இடம் முடிஞ்சுபோச்சு. குடும்பமா வந்தா ஏத்துறேன்" என்றார். அக்காவிடம், "துணைக்கு ஆம்பளை இல்லாம பொம்பளைய ஏத்தக் கூடாதும்மா. ரூல்" என்றார்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு குரல்.

"ஏம்ப்பா, உனக்கு அக்கா இருக்கா?"

"இல்லீங்க."

"எனக்கும் தம்பி இல்ல. வா, எந்திரி."

வரிசையில் நின்ற ஒரு ஆள், புருஷன் பெண்டாட்டி என்று சொன்னால் சீக்கிரம் ஏற்றுவார்களே என்று யோசனை சொன்னார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "புருஷன்னா நாளைக்கே உக்காந்துகிட்டு சோறு கேப்பான். தம்பின்னா அடிச்சு வேலை வாங்கலாம்."

மறுநாள் வேறொரு குமாஸ்தாவின் மேசை. அக்காவின் ஊரை நான் எடுத்துக்கொண்டேன். என் அப்பாவை அக்கா எடுத்துக்கொண்டார். படிவம் கேட்டதற்கெல்லாம் ஒரே குரலில் பதில் சொன்னோம். அந்தப் படிவம் அம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் அம்மாவை மறந்துபோனோம்.

மதராஸ் சர்க்காரின் சட்டம் ஒரு கரையில், சிலாங்கூர் சர்க்காரின் சட்டம் மறு கரையில், நடுவில் ஒரு வாரத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் எல்லாரும் வாந்தி எடுத்தார்கள். அக்கா மட்டும் பாக்கியத்துக்கு அலையைக் காட்டி, "பாத்தியா, யாரோ துணி அலசுறாங்க" என்று கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

முகாமில் ஐந்தாம் நாள் விசாரணை. பொய்க் குடும்பம் கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று துரைக்குத் தகவல் போயிருந்தது. அகப்பட்டவர்கள் அடுத்த கப்பலில் திரும்ப வேண்டும். எனக்கென்ன, நான் எங்கேயும் சுற்றுவேன். பாக்கியத்துக்கு அந்த உலக்கை வீடு காத்திருந்தது.

துரைக்குப் பக்கத்தில் நோட்டு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர். முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஊர், அப்பா, எல்லாம் சரளமாகச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா எப்பிடியான ஆள், தம்பி?" என்றார்.

அதை நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. "செத்துப்போயிட்டாங்க. எனக்கு அஞ்சு வயசு. நல்ல நெட்டைங்க" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

என்னை ஓரமாக நிறுத்திவிட்டு அக்காவை அழைத்து அதே கேள்வியைக் கேட்டார். அக்கா, தன்னைப் பெற்றவரை நினைத்துக்கொண்டு, "குள்ளமா, குண்டா இருப்பாங்க சாமி" என்றார்.

"தம்பி நெட்டை எண்டுறார், நீங்கள் குள்ளம் எண்டுறியள். எத்தினை அம்மா உங்களுக்கு?"

அக்கா இடுப்பில் குழந்தையோடு என் பக்கம் திரும்பினார். "ஏன்டா எருமை, அம்மாவா நெட்டை? எந்த ஊருல கண்ட?"

எங்கிருந்து வந்ததோ எனக்கு அப்படி ஒரு கோபம். "நீ எப்பவுமே அம்மாவைக் குறைச்சுத்தான் பேசுவ!"

"சாமி, இவன் அம்மா முட்டிக்குக் கீழ நின்னு பாத்தவன். இவனுக்கு ஆடுகூட நெட்டைதான். நான் அம்மாவுக்குத் தோளுக்கு வளந்தவ. யாரு சொல்றத எழுதுவீங்க?"

கிராணி சிரித்த சிரிப்பில் மைக்கூடு ஆடியது. துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரையின் மீசையும் ஆடியது. "சொந்தச் சகோதரம் இல்லாட்டி இப்பிடிச் சண்டை பிடியாதுகள். போங்கோ, போங்கோ" என்று நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

இல்லாத சண்டையில் பிறந்த உறவு, பிறகு ஒருநாள்கூடச் சண்டையில்லாமல் இருந்ததில்லை.

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால் இறக்க மரம் வெட்டினேன், அக்கா புல் வெட்டினார். லயத்து வரிசை வீடுகளுக்குப் புதிதாக வந்த எந்தப் பெண்ணும் முதல் நாள் பட்டினியாகப் படுத்ததில்லை. "துணைக்கு யாருமில்லாமயா வந்த? நான் எதுக்கு இருக்கேன்?" என்று இழுத்துக்கொண்டுபோய்ச் சோறு போடுவார். பிறகு நான் தோட்டத்திலேயே இருக்க, அக்கா மட்டும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, ரயில்வேப் பட்டறைத் தொழிலாளிகளுக்குச் சமைத்தார். அவருடைய மீன் குழம்பு மணம் வந்தால் பட்டறைச் சங்கு ஊத வேண்டியதில்லை என்பார்கள்.

ஆடி அமாவாசைதோறும் எங்கள் அம்மாவுக்கு இலை போட்டோம். எந்த அம்மா? அக்காவின் அம்மா பாதி, என் அம்மா பாதி, மீதி கற்பனை. வருடத்துக்கு ஒரு கதை அவருக்குச் சேர்ந்தது. அம்மாவுக்கு எட்டுக்கல் மூக்குத்தி வந்தது. பாம்பை முறத்தால் அடித்த வீரம் வந்தது. கத்தரிக்காய் பிடிக்காமல் போனது. எல்லாவற்றிலும் சமாதானமாகிவிடுவோம். உயரத்தில் மட்டும் அக்கா அசையவே மாட்டார்.

ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். வேலையற்றவர்களைச் சர்க்கார் கப்பலில் ஊருக்கு அனுப்பினார்கள். பட்டியலில் என் பெயரும் இருந்தது. அக்கா கிள்ளானுக்கு ரயிலேறி வந்து, தொழிலாளர் ஆபீஸ் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இவன் என் தம்பி. என் வீட்டுல இருப்பான். நீங்க ஒண்ணும் அனுப்ப வேணாம்."

"தம்பின்னு எப்படிம்மா நம்புறது?"

"என்னைய ஏன் கேக்குறீங்க? உங்க நோட்டுல நீங்களே எழுதினது. எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார்கள். இருந்தது. அன்று நாகப்பட்டினத்தில் சொன்ன பொய், மேசை மேல் சர்க்கார் முத்திரையோடு மெய்யாக உட்கார்ந்திருந்தது. திரும்பும் ரயிலில் கோலாலம்பூர் வரை அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகுதான் நான் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கப் போனேன். இந்த நினைவு மலரின் எழுத்துகளும் நான் கோத்தவைதான். பிழையிருந்தால் என் தலையில் போடுங்கள்.

பாக்கியத்தின் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் சுமந்தேன். சென்ற ஆண்டு, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையையும் நானே சுமந்தேன். "பிறந்த வீட்டுக்காரங்க வாங்க" என்று பெரியவர் கூப்பிட்டபோது கூட்டத்தில் ஒருவரும் வேறு ஆளைத் தேடித் திரும்பவில்லை. நான் நடந்தேன். அந்தச் சேலையைப் போர்த்தியபோது, சட்டம் எங்களுக்குக் கொடுத்த உறவைவிட அசலானது ஒன்றும் என் கையில் இருந்ததில்லை என்று தோன்றியது.

இரவு பகல் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், தோள் கொடுத்த ரயில்வேக் குடியிருப்பு நண்பர்களுக்கும், தினமும் கஞ்சி காய்ச்சி அனுப்பிய மலாய்க் கம்பத்து ஆயிஷா அம்மாளுக்கும், பாசார்ச் சந்தையிலிருந்து கீரை கொண்டுவந்து "அக்கா சாப்பிடணும்லா" என்று வாசலில் வைத்துப்போன சீனத்துக் கடைக்காரருக்கும், பெயர் தெரியாத அந்தக் கிராணி ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பு.

கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரி வார்டில். அதே பினாயில். பார்வை நேரம் முடிந்து மணி அடித்தார்கள். எழுந்து, போர்வையைச் சரிசெய்யக் குனிந்தேன். அக்கா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, மேலே அண்ணாந்து என்னைப் பார்த்தார். கண்ணில் விசாரணை நாளின் அதே குறும்பு.

"கீழ கிடந்து பாக்குறப்பத்தான்டா தெரியுது. அம்மா நெட்டைதான். போயிட்டு வா."